தட்டில் ஐந்து போன்கள்

பொய் சொல்ல வாய் வேண்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது ஒரு படம் போதும். மிச்சத்தைப் பார்க்கிறவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

படத்தில் இருந்தது ஒரு தட்டு. நீலத் துணி ஒட்டி, தடுப்புத் தடுப்பாகப் பிரித்த தட்டு. அதில் ஐந்து போன்கள். ஐந்தும் பெரிய கம்பெனி தயாரித்தவை. தட்டின் விளிம்பில் இருந்ததோ சின்னக் கம்பெனியின் முத்திரை. இந்தப் படம் வெளியான நாளிலிருந்து பங்குச்சந்தையில் பாதிப் பேர் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“தட்டுல போன் இருந்தா என்ன சார் இப்போ? பிசைஞ்சு சாப்பிடவா போறாங்க?” என்றான் மச்சினன்.

மச்சினன், துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. வேலை, உதவியாளன். இந்த இரண்டில் முதலாவதை ரத்து செய்ய முடியாது என்பதால் இரண்டாவதும் நீடித்து வந்தது. துப்பறிவாளருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை எல்லோரும் மறந்து வெகுகாலம் ஆகிறது. முன்பு காப்பீட்டுக் கம்பெனியில், பொய்யாக நஷ்டஈடு கேட்டு வந்தவர்களைத் துருவித் துருவிக் கேட்டே அழ வைத்தவர். அதனால் துருவி. வெயிலோ மழையோ, கையில் ஒரு மஞ்சள் குடை இருக்கும். பத்திரிகைகளில் அவர் முகத்தைவிட அந்தக் குடைதான் அதிகம் வந்திருக்கிறது.

அன்று காலை அவர்களை வீட்டுக்கு அழைத்திருந்தவர் ஒரு பங்கு ஆலோசகர். எந்தப் போன் கம்பெனி எதை விழுங்கும், எதை வாங்கினால் லாபம் என்று தன் குழுவில் இருப்பவர்களுக்குத் தினமும் செய்தி அனுப்புகிறவர். அவருடைய தங்கை சின்னக் கம்பெனியின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள்.

“அந்தத் தட்டுக்கு அர்த்தம் இருக்கு சார்,” என்றார் ஆலோசகர். “சின்னக் கம்பெனி போன் மட்டும்தான் பண்ணுது. பெரிய கம்பெனி போனும் பண்ணுது, டவர்ல மாட்டுற கருவியும் பண்ணுது. பெரிசு சின்னதை வாங்கப் போகுதுன்னு ரொம்ப நாளாப் பேச்சு. சின்னக் கம்பெனியில முக்கியமான மீட்டிங்னா, வர்றவங்க போனை வாசல்லயே தட்டுல வாங்கி வெச்சுடுவாங்க. பெரிய கம்பெனி ஆளு அவங்க போனைத் தவிர வேற எதையும் தொடமாட்டான். அப்போ அஞ்சு பேர் உள்ள உக்காந்து பேசியிருக்காங்கன்னுதானே அர்த்தம்?”

“வாசல்ல செருப்பை எண்ணிப் பார்த்துட்டு உள்ள நிச்சயதார்த்தமே முடிஞ்சுதுங்கறீங்க,” என்றான் மச்சினன்.

“நான் சொல்லல. மார்க்கெட் சொல்லுது. கம்பெனி இல்லவே இல்லைன்னு மறுத்துச்சு. மறுத்தா உறுதின்னு அர்த்தம். விலை இன்னும் ஏறிடுச்சு.”

“உங்க பிரச்சினை என்ன?” என்றார் துருவி.

“படத்தை எடுத்து வெளிய விட்டது என் தங்கச்சின்னு சொல்றாங்க சார். அவ பேர்ல முன்கூட்டியே பங்கு வாங்கியிருக்காம். இன்னிக்குக் காலையில வேலைக்குப் போனவளை அங்கயே பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. மார்க்கெட் மூடினதும் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க. ஒரு பாவமும் அறியாதவ சார் அவ.” குரல் தழுதழுத்தது. கண் மட்டும் கையிலிருந்த போனில் ஓடும் விலையைவிட்டு அசையவில்லை.

சுவரோரக் கட்டிலில் அவருடைய அம்மா சாய்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் அவருடைய மாத்திரைகள் வேளைக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் தண்ணீருக்குக் கை நீட்டியபோது துருவிதான் டம்ளரை எடுத்துக் கொடுத்தார்.

“நல்லபடியா முடிச்சுக் குடுங்கய்யா,” என்றார் அம்மா. “என் பையன் ரொம்ப ஒடிஞ்சு போயிருக்கான்.”

கிளம்பும்போது ஆலோசகர் வாசல்வரை வந்தார். “ரகசியமா விசாரிங்க சார். ஆனா முன்வாசல் வழியாவே போங்க. நமக்கென்ன பயம்?”

படியில் இறங்கும்போது மச்சினன் ஆரம்பித்தான். “அத்தான், பொண்ணு மாட்டிக்கிட்டா. பையன் ஒடிஞ்சு போயிருக்கானாம். அந்த வீட்ல எலும்பு டாக்டரைக் கூப்பிட்டிருக்கணும், நம்மளை இல்ல.”

“ரகசியமா விசாரிக்கணும், முன்வாசல்ல போகணும். அதை யோசி மாப்ளே,” என்றார் துருவி.

சின்னக் கம்பெனியின் வரவேற்பறை முழுக்கக் கண்ணாடி. சுவரில் ஒரு பெரிய டிவி, அதில் அவர்கள் பங்கின் விலை ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே, வருகிறவர்கள் காத்திருக்கும் சின்ன அறை. அதுவும் கண்ணாடி. அதற்குள் ஆலோசகரின் தங்கை உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை அவளோடு டீ குடித்தவர்கள் அந்தப் பக்கம் போகும்போது நடையை மெதுவாக்கி, நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி போனைத் தூக்கிப் படம்கூட எடுத்தாள்.

“உள்ள எத்தனையோ அறை இருக்குமே. இங்க ஏன் வெச்சிருக்கீங்க?” என்றார் துருவி.

“மத்தவங்களும் பார்க்கணும்ல,” என்றார் பாதுகாப்பு அதிகாரி. இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் மனிதர். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. அது அவருக்கே தெரியும், அதில் பெருமையும் உண்டு. “அவ அண்ணன் அனுப்பின ஆளா நீங்க? பாருங்க, கேளுங்க. ஒண்ணும் மாறாது. அவ பேர்ல பங்கு இருக்கு. தட்டு அவ கையில இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

“தட்டைப் பார்க்கலாமா?”

மேசைமேலேயே இருந்தது. மாடியில் இயக்குநர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்ததால் தட்டு நிறையப் போன்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. எல்லாம் தடித்த கறுப்பு உறைக்குள் இருந்தன. உறையின் முதுகில் நம்பர் போட்ட ஸ்டிக்கர்.

“போன் விக்கிற கம்பெனி. சொந்த போனுக்கு முக்காடு போட்டு வெச்சிருக்கீங்க,” என்றான் மச்சினன்.

“இதெல்லாம் இன்னும் கடைக்கே வராத மாடல்,” என்றார் பூட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல. “போன் கம்பெனியில பெரிய ஆளுங்க யாரும் கடை போனை வெச்சுக்க மாட்டாங்க. அடுத்து வரப்போறதைத்தான் கையில வெச்சுப் பழகிப் பார்ப்பாங்க. வெளியாளுக்கு முகம் தெரியக்கூடாதுன்னு இந்த உறை.”

“பெரிய கம்பெனியிலயும் அப்படித்தானா?”

“எந்தக் கம்பெனியிலயும் அப்படித்தான்.”

துருவி தன் போனில் இருந்த அந்தப் பிரபலமான படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். “அப்போ இந்த அஞ்சு பெரிய மனுஷங்க மட்டும் வழியில கடையில இறங்கி வாங்கிட்டு வந்தாங்களா? அஞ்சும் கடை போன். நடுவுல இருக்கறதுல மேல ஒட்டின தாளைக்கூட உரிக்கல.”

பூட்டு குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சாவி திரும்பியது.

“இவ பேர்ல பங்கு இருக்குன்னு தெரிஞ்சதும் படத்தைப் பார்க்கிறதையே விட்டுட்டோம்,” என்று முனகினார். “இருங்க… இந்தத் தட்டே வேற. இதுல விளிம்பு உடைஞ்சிருக்கு. இது பழைய தட்டு. உடைஞ்சதும் போன வருஷமே மாத்திட்டோம்.”

“பழசு எங்க போச்சு?”

கண்ணாடிக் கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளேயிருந்து தங்கை பதில் சொன்னாள். “தூக்கிப் போட இருந்தாங்க. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்.”

“பார்த்தீங்களா! அவளே ஒத்துக்கிட்டா,” என்றார் பூட்டு. போன சந்தேகம் அதே வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

துருவி மச்சினனின் காதில் ஏதோ சொன்னார். அவன் ஒரு நிமிடம் அவரையே பார்த்தான். பிறகு பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

துருவி கண்ணாடி அறைக்குள் போய் அவளெதிரே உட்கார்ந்தார். “எதுக்கும்மா எடுத்துட்டுப் போனே?”

அவள் கண்ணாடிக்கு வெளியே மேசைமேல் இருந்த தட்டைப் பார்த்தாள்.

“காலையில உங்க அம்மாவுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தேன். ஸ்டூல் மேல மாத்திரை இருந்துச்சு. எந்தத் தட்டுல இருந்துச்சுன்னு இப்பத்தான் ஞாபகம் வருது. வீட்டுச் சாமான் வீட்ல இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியாது. நான் வெளியாளு.”

“படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும் சார்,” என்றாள் அவள், மிக மெதுவாக. “அந்த விளிம்பு எனக்குத் தெரியாதா? ஆனா சொல்ல மாட்டேன். அண்ணன் ஏதோ நெருக்கடியில பண்ணிட்டான். என்னை விட்டுட மாட்டான். பாருங்க, உங்களை அனுப்பியிருக்கான்ல?”

அவளுடைய அந்த நம்பிக்கையைப் பார்க்கத் துருவிக்குச் சங்கடமாக இருந்தது. பொய் சொல்கிறவர்களைத்தான் அவருக்குக் கையாளத் தெரியும். நம்புகிறவர்களிடம் அவர் எப்போதும் கொஞ்சம் தடுமாறுவார்.

வெளியே பூட்டு உறுமினார். “இது என்ன கூத்து?”

அவர் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. பங்கு வாங்குகிறவர்கள் கூடும் குழு ஒன்றிலிருந்து வந்தது. படத்தில் சின்னக் கம்பெனியின் முன்வாசல். உள்ளே நுழையும் ஒரு முதுகு. முதுகுக்கு மேல் விரிந்த மஞ்சள் குடை. கீழே ஒரு வரி: ‘துருவி உள்ளே போய்விட்டார். பொய்யென்றால் அவரை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? ரகசியம் கசிந்தது நிஜம். இரண்டு கம்பெனியும் இணையப் போவதும் நிஜம்.’

டிவியில் விலை ஏறிக்கொண்டிருந்தது. துருவி உள்ளே காலடி வைத்த நேரத்திலிருந்து செங்குத்தாக ஏறியிருந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு யார் அதை எடுத்திருப்பார்கள் என்று யோசிக்கவே தேவையில்லை. முன்வாசல் வழியாகப் போகச் சொன்ன மனிதர் ஒருவர்தான்.

“என்னை வேலைக்கு வெக்கல,” என்றார் துருவி. “என் குடையைத்தான் வாடகைக்கு எடுத்திருக்கான்.”

தங்கை அந்தப் படத்தைப் பார்த்தாள். புரிந்துகொள்ள மறுக்கிற ஒரு சிரிப்பு அவள் உதட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மச்சினன் திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. வழக்கமாக வாசலிலேயே ஆரம்பித்துவிடும் அவன் வாய் மூடியிருந்தது. பையிலிருந்து நீலத் துணி ஒட்டிய தட்டை எடுத்து, கண்ணாடி அறையில் தங்கையின் முன்னால் இருந்த மேசைமேல் வைத்தான். விளிம்பு உடைந்திருந்தது. ஒரு காகிதப் பொட்டலத்தில் மாத்திரை அட்டைகளும் கூடவே வந்திருந்தன.

“அண்ணன் வீட்ல இல்ல,” என்றான். “அம்மா மட்டும்தான் இருந்தாங்க. நான் எதுவும் கேட்கல அத்தான். தட்டை எடுத்ததும் அவங்களே சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

மச்சினன் தங்கையைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

“சொல்லுங்க,” என்றாள் அவள்.

“‘மறுபடியுமா? அன்னிக்கு அவன் படம் புடிக்கணும்னு மாத்திரையெல்லாம் என் மடியில கொட்டிட்டான், வேளை மாறிப்போச்சு. பார்த்து எடுப்பா’ன்னாங்க. நான் சொன்னேன், அம்மா, உங்க பொண்ணை போலீஸ் புடிச்சிட்டுப் போகப் போகுதுன்னு. அதுக்கு…” அவன் நிறுத்திவிட்டான்.

“அதுக்கு?”

“‘தெரியும். அவ தாங்கிப்பா. அவன் தாங்க மாட்டான்’னாங்க.”

தங்கையின் உதட்டில் இருந்த சிரிப்பு அப்போதுதான் உதிர்ந்தது. “சின்ன வயசுலேருந்து இதே பேச்சுத்தான்,” என்றாள். “அவன் படிக்கணும்னு என்னை நிறுத்தினப்பவும் இதேதான் சொன்னாங்க.”

அவள் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தாள். பிறகு பூட்டிடம் கை நீட்டினாள். “என் போனைக் குடுங்க சார். ஒரு தடவை பேசிட்டுத் தர்றேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க எல்லாரும் கேட்கலாம்.”

ஒரே மணியில் அண்ணன் எடுத்தார். “என்னடி, துருவி இன்னும் உள்ளதான் இருக்காரா?”

“என்னைப் பத்திக் கேட்க மாட்டியாண்ணா?”

“கேட்கத்தானே எடுத்தேன். சொல்லு, உள்ளதான் இருக்காரா?”

“இருக்கார். நீ வித்துட்டியா?”

“அவர் குடை வாசல் தாண்டினதும் ஒரு ஏத்து ஏறிச்சு பாரு. அப்பவே எல்லாத்தையும் தள்ளிட்டேன்.”

“என் பேர்ல நீ வாங்கினது?”

“அதைத் தொடக்கூடாதுடி. வித்தா என் பக்கம் சந்தேகம் வரும். போலீஸ் கேட்டா நீதான் வாங்கினேன்னு சொல்லிடு. உனக்கு வயசிருக்கு, முதல் தப்பு, திட்டிட்டு விட்டுடுவாங்க. எனக்குன்னா தொழிலே போயிடும். அம்மாவும் அதான் சரின்னாங்க.”

பூட்டின் கை தானாகவே சாவிக்கொத்துக்குப் போயிற்று. துருவி தலையசைத்தார். வழக்கு முடிந்துவிட்டது. அவள் குற்றமற்றவள் என்று அவளுடைய அண்ணன் வாயே சாட்சி சொல்லிவிட்டது. இணைப்பைத் துண்டிக்க அவர் கை நீட்டினார். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரிண்ணா, பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு. நீ அவசரப்பட்டு வித்துட்டே.”

“ஏன்?”

“உன் பொய் நிஜமாயிடுச்சு. இங்க வேற ஆள் இல்லைன்னு என்னையே மறுபடி முன்னாடி உக்கார வெச்சிருக்காங்க. இப்பத்தான் அஞ்சு பேர் வந்தாங்க. நான்தான் தட்டை நீட்டினேன்.”

மச்சினன் நிமிர்ந்தான். துருவியின் கை மேசையிலேயே நின்றுவிட்டது.

“பெரிய கம்பெனி போனா?” அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

“நீ கடையில வாங்கி அம்மா தட்டுல அடுக்கினியே, அந்த மாதிரி இல்ல. ஒண்ணுல தாளைக்கூட உரிக்கலையே நீ. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இவங்க போன்ல பேரே இல்லண்ணா. எல்லாம் கறுப்பு உறை. பின்னாடி நம்பர் ஸ்டிக்கர்.”

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. ஊரையே ஏமாற்றியவனுக்குத் தன் பொய்யின்மேலேயே ஆசை வந்துவிட்ட மூச்சு.

“வெளிய வராத மாடல்டி அது,” என்றார் அண்ணன். “அய்யோ, பெரிய ஆளுங்களேதான் வந்திருக்காங்க. எல்லாத்தையும் வித்துத் தொலைச்சிட்டேனே! மார்க்கெட் மூடறதுக்குள்ள திரும்ப வாங்கணும். இப்போ வந்த பணம் பத்தாது. வீட்டுப் பத்திரம் புரோக்கர்கிட்டதான் இருக்கு, அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. அது மேலயும் வாங்கட்டுமா? நீ நல்லா பார்த்தியா? சரியாச் சொல்லு.”

அந்த இடத்தில் அவள் நின்றாள். மச்சினன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இரண்டு கைகளையும் கூப்பிக்கூடக் காட்டினான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு உடைந்த விளிம்பை விரலால் ஒரு தடவை தடவினாள்.

“வாங்குண்ணா,” என்றாள். “நீ தாங்கிப்பே.”

இணைப்பை அவளே துண்டித்தாள்.

“அத்தான், இன்னும் நேரம் இருக்கு. ஒரு போன் போட்டாப் போதும்,” என்றான் மச்சினன். “அந்த ஆளு எக்கேடும் கெடட்டும். படுத்துக் கிடக்கற அம்மா வீடு அத்தான் அது.”

துருவி டிவியைப் பார்த்தார். விலைக்கோடு இன்னொரு படி ஏறியது. யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஆரம்பித்திருந்தார்.

“நம்மளை அமர்த்தின கட்சிக்காரர் ரகசியமா விசாரிக்கச் சொன்னார் மாப்ளே,” என்றார் துருவி. “கேட்டதை எப்படி வெளிய சொல்றது?”

“எங்க பங்கை ஒருத்தர் ஆசைப்பட்டு வாங்குறார். தடுக்க நான் யாரு?” என்றார் பூட்டு. காலையிலிருந்து முதல் முறையாக அவர் முகம் மலர்ந்திருந்தது.

மச்சினன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்களில் யார் பக்கத்திலும் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. தள்ளிப்போய் வாசல் பக்கம் நின்றுகொண்டான்.

சந்தை மூடியது. கோடு அசையாமல் நின்றது. பூட்டு மாடிக்குத் தகவல் சொல்லியிருந்தார்; சின்னக் கம்பெனியின் தலைவர் டிவியில் தோன்றினார். பெரிய கம்பெனியிலிருந்து யாரும் எங்களோடு பேசவில்லை, அவர்களோடு எந்தக் கூட்டமும் நடக்கவில்லை, அந்தப் படமே போலி, செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டது, போலீஸ் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். நாளை காலை சந்தை திறக்கும்போது அந்தப் பங்கைத் தொட ஆளிருக்காது என்பது டிவி பார்த்த எல்லோருக்கும் புரிந்தது.

“நீ போகலாம்மா,” என்றார் பூட்டு. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாய்வரை வந்து திரும்பிப் போனது.

தங்கை எழுந்திருக்கவில்லை. தட்டைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள். போன் அடித்தது. ‘அண்ணன்’ என்றது திரை. அவள் அதை எடுத்துத் தட்டின் ஒரு தடுப்பில் வைத்தாள், மீட்டிங்குக்கு வருகிறவர்களின் போனை வைக்கிற மாதிரியே, முகம் மேலே தெரிய. அது நீலத் துணியில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். காலை மாத்திரையைக் காலைத் தடுப்பிலும், மதியத்தை மதியத்திலும், வேளை மாறிவிடாமல் கவனமாக அடுக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது முறை அடித்தபோது திரையில் ‘அம்மா’ என்று வந்தது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு இரவு மாத்திரையை எடுத்து வைத்தாள்.